கறுப்புத் துணிக்குள் ஒரு பெனால்டி

கால்பந்தில் வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை எனக்குப் பிடிக்காது. இதை நாசூக்காகச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. டிவியில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள், ‘நியாயம் கிடைக்கிறதே, அதில் உங்களுக்கு என்ன கஷ்டம்’ என்பார்கள். அவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். நான் அந்தத் திரைக்கு முன்னால் கழுத்தில் விசிலோடு நின்றிருக்கிறேன்.

தில்லியில் ஜனக்புரிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. அங்கே பையன்களெல்லாம் பந்தோடுதான் வளர்வார்கள். பெண்களுக்கு ஓரமாக நின்று பார்க்கத்தான் அனுமதி. கல்லூரியில்தான் என் காலில் பந்து பட்டது. கணவருக்குத் தில்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு ரெஃப்ரி தேர்வு எழுதினேன். முதலில் லைனில் கொடி பிடித்தேன். பிறகு மெல்ல மெல்ல நடுவில் நின்று விசில் ஊதும் இடத்துக்கு வந்தேன்.

ஆண்கள் ஆட்டத்துக்கு ஒரு பெண், அதுவும் தெற்கத்திக்காரி, ரெஃப்ரியாக வருவதை இந்த நகரத்தில் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ‘மதராசி மேடம்’ என்பதுதான் மைதானத்தில் என் பெயர். நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆட்டம் சூடு பிடித்துக் கொஞ்ச நேரத்தில் என் விசில் எதற்கு ஊதும், எதற்கு ஊதாது என்று அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு நான் யார் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது. ரெஃப்ரியை மறந்துவிட்டு ஆடுகிறார்கள் என்றால் அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் குளிர்காலத்தில் புதிதாக ஒரு கோப்பைப் போட்டி அறிவித்தார்கள். நடத்தியவர் கட்டட ஒப்பந்தக்காரர். கால்பந்துப் பயிற்சி மையம் ஒன்றும் வைத்திருந்தார். அதன் அணியும் போட்டியில் ஆடியது. போட்டி நடத்துகிறவரின் அணியே களத்தில் இறங்குவது இங்கே புதிதில்லை என்பதால் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. தொடங்குவதற்கு முன் ரெஃப்ரிகளைக் கூப்பிட்டு, டீயும் பிரெட் பகோடாவும் கொடுத்து, இந்தியில் பேசினார்.

“இந்தப் போட்டியில வீடியோ ரிவியூ வைக்கிறோம். டிவியில வர்ற மாதிரியே. இனி யாரும் ரெஃப்ரியத் திட்ட முடியாது. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்,” என்றார் என்னைப் பார்த்து.

“எத்தனை கேமரா வைப்பீங்க?” என்று கேட்டேன்.

“நாலு. அப்புறம் பெரிய ஸ்க்ரீன்.”

“யாரு அதை இயக்குவாங்க?”

“நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான். நல்ல அனுபவம் உள்ளவன்.”

அந்த அனுபவம் கல்யாண வீடியோ எடுத்த அனுபவம் என்று முதல் நாள் ஆட்டத்தில்தான் தெரிந்தது. நாலு கேமரா இரண்டாகச் சுருங்கியிருந்தது. ஒன்று விருந்தினர் மேடைக்குப் பக்கத்தில் முக்காலியில் நின்றது. இன்னொன்று ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பில் கட்டிவைத்த செல்போன். வீடியோக்காரர் நல்ல மனிதர். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைப்பார். ஆனால் பழக்கதோஷத்தில் அவர் கேமரா பந்தை விட்டுவிட்டு முகங்களின் பின்னால் போய்விடும். ஒருவன் கோல் அடிக்கப் போகும்போது அவன் கண்ணீர் விடுவானா என்று காத்திருப்பதுபோல நெருக்கமாகப் படம் பிடிப்பார்.

பெரிய ஸ்க்ரீன் என்றது ஒரு வீட்டு டிவி. ஷாமியானா பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டுப் படம் தெரியவில்லை என்று அதன்மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். ரெஃப்ரி ஓடிப்போய் அந்தத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். ஆரம்பச் சுற்றுகளில் நானும் அப்படிப் பார்த்தேன். ஒரு தடவை ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு தடவை நான் சொன்னதே சரியாக இருந்தது. வெளியே வந்து, டிவியில் காட்டுவதுபோல விரலால் காற்றில் ஒரு கட்டம் வரைந்தபோது கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலே எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இறுதி ஆட்டத்தில் ஒப்பந்தக்காரரின் பயிற்சி மைய அணியும், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் சேர்ந்து அமைத்த அணியும் மோதின. முனிர்கா அணியில் வடகிழக்குப் பையன்கள்தான் அதிகம். பின்வரிசையில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான்; திருநெல்வேலிக்காரன், பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போட்டி முழுக்க அவனிடம் ஒரு தமிழ் வார்த்தை நான் பேசியதில்லை. மைதானத்தில் எனக்கு யாரும் ஊர்க்காரர் கிடையாது.

ஆட்டம் சமநிலையில் இருந்தது, முடிய அதிக நேரமில்லை. பயிற்சி மைய அணியின் முன்கள வீரன் பந்தோடு பெனால்டி பகுதிக்குள் நுழைந்தான். திருநெல்வேலிப் பையன் பக்கவாட்டிலிருந்து காலை நீட்டிச் சறுக்கினான். பந்து அவன் பூட்ஸில் பட்டுத் திசை மாறியது. அதற்குப் பிறகுதான் முன்கள வீரனின் கணுக்கால் அந்தக் காலில் இடித்தது, அவன் விழுந்தான். நான் பத்தடி தூரத்தில், இரண்டு பேருக்கும் இடையே தெளிவாகத் தெரியும் இடத்தில் நின்றேன். பந்து பூட்ஸின் தோலில் படும் சத்தம் முதலில் கேட்டது. இரண்டு கைகளையும் விரித்து, ‘ஆடுங்கள்’ என்று காட்டினேன். விழுந்தவன்கூடக் கையைத் தூக்கவில்லை. உடனே எழுந்து திரும்பி ஓடினான்.

அந்தப் பந்தை எடுத்த முனிர்கா பையன்கள் மூன்றே பாஸில் மைதானத்தின் மறுமுனைக்குப் போய்க் கோல் போட்டார்கள்.

ஷாமியானாவிலிருந்து ஒலிபெருக்கி அலறியது. “ரிவியூ, ரிவியூ. ரெஃப்ரி மேடம், இங்கே வாங்க.” ரிவியூ கேட்பது ரெஃப்ரியின் உரிமை, போட்டி நடத்துகிறவருடையதல்ல என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அது ஒப்பந்தக்காரருக்கு அப்போது ஞாபகம் இல்லை. இரண்டு அணிகளும் என்னைச் சுற்றிக்கொண்டன. போகாமல் இருந்தால் கைகலப்பாகும் என்று தெரிந்தது. போனேன்.

துணிக்குள் தலையை விட்டேன். வீடியோக்காரர் படத்தை மெதுவாக ஓட்டினார். மேடைப் பக்கத்துக் கேமராவில், விழுந்தவனின் முதுகுதான் தெரிந்தது. பந்து அவன் உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது. நீட்டிய ஒரு பூட்ஸ் வந்தது, கணுக்காலில் பட்டது, கால் மடங்கியது. மெதுவாக ஓட்டும்போது அது கொலை முயற்சி மாதிரி இருந்தது. அவர் திரும்பத் திரும்ப அதே இடத்தை ஓட்டினார்.

“பந்து எங்க அண்ணா? பந்தைக் காட்டுங்க,” என்றேன்.

“இதுல வரல மேடம்.”

“அந்த செல்போன்ல?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அதைக் கழட்டி சீஃப் கெஸ்ட் வர்றதை எடுக்கக் கொண்டுபோயிட்டாங்க.”

சீஃப் கெஸ்ட் அந்தப் பகுதியின் அரசியல் பிரமுகர். துணியின் இன்னொரு ஓரத்தைத் தூக்கி அவரும் தலையை உள்ளே விட்டார். ஏலக்காய் வாசனை அடித்தது. “சாஃப் திக் ரஹா ஹை மேடம். தெளிவாத் தெரியுதே. பெனால்டி குடுத்துடுங்க. எல்லாருக்கும் சந்தோஷம்,” என்றார்.

கல்யாண வீட்டில் சாப்பாடு பரிமாறச் சொல்வதுபோலச் சொன்னார். “சார், நீங்க இந்த இடத்துல இருக்கக் கூடாது,” என்றேன். அவர் சிரித்தார். ஒப்பந்தக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று, “ஜல்தி மேடம், ஜல்தி,” என்றார்.

பெனால்டி என்று மாற்றினால் பிறகு விழுந்த கோலும் ரத்தாகிவிடும். ஆனால் தெளிவான தவறு தெரிந்தால்தான் தீர்ப்பை மாற்றலாம். அந்தத் திரையில் தெரிந்தது தவறு அல்ல, ஒரு முதுகு. நான் வெளியே வந்து காற்றில் கட்டம் வரைந்து, மையக்கோட்டைக் காட்டினேன். கோல் செல்லும்.

பிறகு நடந்தது மைதானங்களில் நடக்கிற வழக்கமான அசிங்கம்தான். தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஒன்று லைன்ஸ்மேன் முதுகில் விழுந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் டிவியை மேசையோடு திருப்பி, துணியை எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு அந்தக் காட்சியை ஓட்டிக் காட்டினார்கள். நான் முடிவு விசில் ஊதும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. முனிர்கா அணி வென்றது. பரிசளிப்பில் ரெஃப்ரிகளுக்கு என்று வைத்திருந்த பதக்கங்கள் தட்டிலேயே கிடந்தன. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நானும் லைன்ஸ்மேன்கள் இரண்டு பேரும் பின்பக்க வாசல் வழியாக வெளியேறி ஆட்டோ பிடித்தோம்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கணுக்காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பின்னணியில் சோக இசை. ‘மதராசி ரெஃப்ரி, மதராசி டிஃபெண்டர், செட்டிங்’ என்று, முன்பே பேசிவைத்த ஆட்டம் என்ற அர்த்தத்தில், கீழே எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே எழுதியவற்றை நான் படித்தேன். படித்திருக்கக் கூடாது. என் உடம்பைப் பற்றியும் என் நிறத்தைப் பற்றியும் எழுதியவர்களில் சிலர் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அப்பாக்கள்.

கணவர் டியூட்டி முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கால்ல தட்டுனதுபோலத்தான் இருக்கு,” என்றார்.

“பந்து எங்க இருக்கு?”

“பந்து தெரியல்ல.”

“பந்து தெரியாம என்னத்தப் பாத்தீய?”

“நான் ஒன்னக் கொறை சொல்லல்ல. படத்துல தெரியதச் சொல்லுதேன்.”

“நான் அங்கன நின்னேன். கண்ணால பாத்தேன், காதால கேட்டேன். ஒங்களுக்குப் படந்தான் பெருசா?”

அவர் இன்னொரு முறை ஓட்டினார். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் தேடினார். ஆனால் அந்த விரல் திரையைத் தேய்த்த விதம் எனக்குத் தாங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு பல நாட்கள் எங்கள் வீட்டில் பேச்சு காய்கறி, பால், பிள்ளையின் பரீட்சை என்ற அளவில் நின்றது.

பள்ளியில் பிரின்சிபால் கூப்பிட்டு, “வார இறுதியில நீங்க என்ன பண்றீங்கங்கிறது உங்க விஷயம். ஸ்கூல் பேரு வராமப் பாத்துக்கோங்க,” என்றார். அவர் மேசையில் இருந்த போனிலும் அந்தக் காட்சி பாதியில் நின்றிருந்தது.

பிறகு ரெஃப்ரி குழு விசாரணைக்கு அழைத்தது. மூன்று பேர், ஒரு லேப்டாப். நடுவில் இருந்தவர் பழைய ரெஃப்ரி. நான் லைனில் கொடி பிடித்த காலத்தில் அவர் நடுவில் நிற்பதைப் பார்த்துத்தான் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று பழகினேன். அவராவது கேட்பார் என்று நம்பிப் போனேன்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். “இதுக்கு என்ன சொல்றீங்க?”

“சார், இதைச் சாதாரண வேகத்துல ஒரு தடவை ஓட்டுங்க.”

ஓட்டினார். ஒரு நொடியில் முடிந்துபோனது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

“இதுல ஒண்ணும் தெரியலையே,” என்றார் ஓரத்தில் இருந்தவர், திரையைத் தட்டியபடி. “ஸ்லோவுல போடுங்க.”

“ஆட்டம் ஸ்லோவுல நடக்கல சார். அந்தப் பையன் ஸ்லோவுல சறுக்கல. பந்தைத் தொட்டதுக்கு அப்புறம் மத்தவன் கால் வந்து மோதுனா அது ஃபவுல் இல்ல. தொட்டதை நான் பாத்தேன்.”

“அந்த டிஃபெண்டர் உங்க ஊராமே?” என்று கேட்டார் ஓரத்தில் இருந்தவர்.

நான் பழைய ரெஃப்ரியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சார், நீங்க எத்தனை ஆட்டம் ஊதியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா, பத்தடியில நிக்கிற கண்ணுக்கும் மேடையில நிக்கிற கேமராவுக்கும் உள்ள வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“தெரியும் பேட்டா,” என்றார். மகளே என்று அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. “ஆனா எங்க காலத்துல ஆட்டம் முடிஞ்சா முடிஞ்சுது. இப்ப முடியறதில்ல. ஜனங்க பாத்துட்டாங்க. அவங்க பாத்ததை நாங்க இல்லைன்னு சொல்ல முடியுமா?”

எனக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. ‘கொஞ்ச காலம் ஓய்வு’ என்றார்கள். பெரிய ஆட்டங்களுக்கு என்னை நியமிப்பது நின்றுபோனது. தண்டனை என்றால் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுக்கு யாரிடம் போய் முறையிடுவது?

கோடை தொடங்கியபோது ஒரு நாள் மாலை, பள்ளி விட்டு மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் பூட்ஸ் பை தொங்க ஒரு இளைஞன் எனக்கு எதிரே வந்து நின்றான். அன்று விழுந்தவன். என்னைக் கண்டதும் முகம் மாறியது. பிறகு வணங்கினான். நல்ல பையன்தான், ஆட்டத்தில் ஒரு தடவைகூட என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

“மேடம், உங்களை ரொம்பப் பேசிட்டாங்க. எனக்கு வருத்தமா இருந்துச்சு,” என்றான் இந்தியில்.

“அன்னிக்கு நீ விழுந்ததும் எழுந்து ஓடுனியே. பெனால்டி கேக்கவே இல்லையே. ஏன்?”

யோசித்தான். “அப்ப அவன் பந்தைத் தொட்டுட்டான்னு நெனச்சேன் மேடம்.”

இத்தனை நாளில் அதைச் சொன்ன முதல் ஆள் அவன். “அப்போ அதை வந்து கமிட்டியில சொல்லுவியா?”

அவன் சங்கடமாகச் சிரித்தான். “ஆனா மேடம், அப்புறம் வீடியோ பாத்தேன். நான்தான் தப்பா நெனச்சிருக்கேன். அது ஃபவுல்தான். நல்லாத் தெரியுதே.”

“உன் கால்தானே அது? உனக்குத் தெரியாதா?”

“வீடியோல இருக்கே மேடம்,” என்றான் மறுபடியும், பாவமாக, பெரியவர்களிடம் மறுத்துப் பேச விரும்பாதவன்போல. அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவனுடைய கணுக்கால் உணர்ந்ததை அந்தக் காட்சி அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு, தன்னுடையதை வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, நான் பார்த்ததை நானே மறுபடி நினைத்துப் பார்க்க முயன்றேன். என் கண் முன்னால் வந்தது மேடைப் பக்கத்துக் கேமராவின் காட்சி. விழுகிறவனின் முதுகு, மடங்கும் கால், படத்தின் ஓரத்தில் கைகளை விரித்தபடி சின்னதாக ஒரு பெண். நான் என்னையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி தூரத்திலிருந்து நான் கண்டது என்னிடம் இல்லை. பந்து பூட்ஸில் பட்ட சத்தம் மட்டும் மிச்சமிருந்தது, அந்தக் காட்சியில் மைதானத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுச் சோக இசை போட்டிருந்ததால். அவர்கள் என்னைத் திட்டியதை, பாட்டில் எறிந்ததை, ஓய்வு கொடுத்ததையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிடுவேன். இதை மட்டும் மன்னிக்க என்னால் முடியவில்லை. அன்று இரவு கணவரிடம் சொன்னேன், திக்கித் திக்கி. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு தன் போனிலிருந்து அந்தக் காட்சியை அழித்தார். ஊரெல்லாம் இருக்கிற காட்சியை ஒரு போனில் அழித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு பழையபடி ஆனது.

மறு குளிர்காலத்தில் பழைய ரெஃப்ரி போன் செய்தார். ஒப்பந்தக்காரர் இந்த முறை உண்மையாகவே நாலு கேமரா வாங்கிவிட்டாராம், தனி அறையும் போட்டிருக்கிறாராம்.

“அந்த அறையில உக்காந்து பாக்க அனுபவமுள்ள ஆள் வேணும். உங்க பேரைச் சொன்னேன். ஓட வேண்டாம், திட்டு வாங்க வேண்டாம். ஏசிகூட இருக்கு,” என்றார்.

“சார், நான் ரெஃப்ரி,” என்றேன். “படம் பாக்குற வேலைக்கு வேற யாரையாவது பாருங்க.”

“பிடிவாதம் நல்லதில்ல பேட்டா. நாளைக்கு எல்லா ஆட்டமும் இப்படித்தான் ஆகப்போகுது.”

“ஆகட்டும். நான் இல்லாம ஆகட்டும்.”

அவர் சொன்னது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு இப்போது கிடைப்பவை பள்ளிப் பெண்களின் ஆட்டங்கள். காலை வேளை, பாதி புல்லும் பாதி மண்ணுமான மைதானம். போன மாதம் ஒரு ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஆஃப்சைடு கொடுத்தேன். கோட்டுக்கு வெளியே நின்ற அவள் அப்பா போனை நீட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார்.

“மேடம், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. ஆஃப்சைடு இல்ல.”

“வெளிய போங்க.”

“பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்கறதுல என்ன நஷ்டம்?”

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, “அந்தப் போன் பாக்கெட்டுக்குள்ள போறவரைக்கும் ஆட்டம் கிடையாது,” என்றேன். அவர் மற்ற பெற்றோர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேர் கையிலும் போன் உயர்ந்துதான் இருந்தது. இப்போது என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நகரவில்லை. பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். கோல்கீப்பர் மண்ணில் உட்கார்ந்து காலுறையைச் சரிசெய்தாள். கடைசியில் அந்த அப்பாவின் மகளே அவரிடம் போய், “அப்பா, போதும். ஆட விடுங்க,” என்றாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டு, கோட்டுக்கு வெளியே போனார். மற்றவர்கள் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். நான் பந்தைக் கீழே வைத்து விசில் ஊதினேன்.